பகலவன், பதிலி அத்தாவுல்லா

எனக்கு ரெண்டு புருசன்பா. ஷாக் ஆவாதீங்க, குந்திகினு கேளுங்க.

மொத ஆளு சுப்பராயன். ஹார்பர்ல மூட்டை தூக்குற கேங்குக்கு மேஸ்திரியா இருந்தாரு. இப்பவும் ராயபுரத்துல எங்க வூட்ல லுங்கிய மடிச்சி கட்டிகினு டீவி பாத்துகினு கீறாரு. ரெண்டாவது ஆளு பகலவன். அவரு பொறக்கவே இல்ல. ஆனா செத்துட்டாரு. எப்பிடி செத்தாருன்னா, ஒரு பேரவைல தீர்மானம் போட்டு, பதினோரு பேரு கைய தூக்கி, ஏகமனதா செத்தாரு. பதினோரு பேருல ஒருத்தரு தூங்கிகினு இருந்தாரு. அவரு கைய பக்கத்துல இருந்தவரு தூக்கி வுட்டாரு.

மொதல்லேர்ந்து சொல்லிடறேன், இல்லாங்காட்டி பிரியாது.

எம் பேரு ரமாபாய். புளியந்தோப்புல எங்க நைனா வெச்ச பேரு. எட்டாவதோட படிப்பு நின்னுபோச்சி. அப்பால ஹார்பர் கேண்டீன்ல டீ கிளாஸு கழுவுற வேல. கைதான் கழுவும், காது சும்மா குந்தியிருக்குமா? கப்பலு பத்தி அல்லாமே காதுல வந்து வுழும். கப்பலு வந்தா நேரா உள்ள வந்துடாது, தெரியுமா? எடம் காலியாவுற வரிக்கும் வெளிய கடல்ல நங்கூரம் போட்டு பத்து நாளு, பதினாலு நாளு நிக்கும். கேப்டனு காஞ்சி போயி கெடப்பான். எனக்கு ஒரு நாளு தோணிச்சி. நெலாவுக்கு போற கப்பலுக்கும் இதே கதிதானே? அங்கியும் ஒரு ஹார்பர் இருக்கும்ல? அங்கியும் ஒரு ஆளு வெத்தல பாக்கு போட்டுகினு, "இன்னிக்கு எடம் இல்ல, நாளிக்கு வா"ன்னுவான்ல?

எழுதிட்டேன். அந்த கதைய ரமாபாய்னு பேரு போட்டு ஒரு பத்திரிகைக்கு அனுப்புனேன். திரும்பி வந்திச்சி. கூடவே ஒரு கடுதாசி. "சகோதரி, தங்கள் நடை சுவையாக உள்ளது. ஆனால் விண்கலம் எதற்கு? தங்களிடம் கருவாட்டுக் குழம்புச் செய்முறை இருப்பின் அனுப்பி வைக்கவும்."

நான் ஒண்ணியும் பண்ணல. அதே பேப்பரு. மேல ரமாபாய்னு இருந்தத அடிச்சிட்டு பகலவன்னு எழுதி அதே பத்திரிகைக்கு போட்டேன். அடுத்த மாசம் வந்திச்சி. "இளம் விஞ்ஞானி பகலவனின் வியத்தகு படைப்பு"ன்னு தலைப்புக்கு மேல போட்டிருந்தான். அடிச்ச பேரு கூட அழியாம தெரிஞ்சிகினு இருந்திருக்கும். எவனும் பாக்கல.

அதுலேர்ந்து பகலவன் பேருக்கு வூட்டுக்கு தபால் வர ஆரமிச்சிது. எங்க போஸ்ட்மேன் ஜெரி. மொத நாளு கேட்டான், "பகலவன் யாருக்கா?"

"நான்தான்."

"இங்க கையெழுத்து போடு."

அவ்ளோதான். ஜெரி அதுக்கு மேல ஒரு வார்த்த கேட்டதில்ல. வெயில்ல நின்னுகினு இருக்கறவனுக்கு எதுக்கு அந்த ஆராய்ச்சி.

அப்பால ரெண்டாயிரத்து ரெண்டு. மெட்ராஸ்ல தண்ணியே இல்ல. எட்டு மணி லாரி பதினொரு மணிக்கு வரும். அது வரிக்கும் குடத்த கவுத்துப் போட்டு அது மேல குந்திகினு நான் எழுதுனதுதான் 'நெலா ஹார்பர்'. எட்டு நோட்டு. நெலாவுலயும் தண்ணி இல்ல இல்லியா, பூமிலேர்ந்து ராக்கெட்டு லாரி வரும். பொம்பளைங்க குடத்தோட க்யூவுல நிப்பாங்க. அங்க வெயிட்டு கம்மி. சண்டைல ஒருத்திய தள்ளிவுட்டா, நாப்பது அடி மேல போயி மெதுவா எறங்குவா. அவ எறங்கி வர்றதுக்குள்ள அவ எடத்துல இன்னொருத்தி குடம் வெச்சிருப்பா. இதெல்லாம் நானு யோசிச்சி எழுதல. நெலாவுன்றது மட்டும்தான் என் கற்பன.

அந்த நேரத்துல பேப்பர்ல ஒரு விளம்பரம். 'அகில உலகத் தமிழ் அறிவியல் புதினப் பேரவை' நாவல் போட்டி வெக்குது. ஆபீஸு தண்டையார்பேட்டைல, பழைய இரும்பு குடோனுக்கு மேல் மாடி. நோட்ட ஜெராக்ஸ் எடுத்து வெச்சிக்கலாம்னு கடைக்கு போனேன். அந்த ஆளு எட்டு நோட்டையும் பாத்துட்டு, "மிஷினு சூடாயிடும்கா, ஒரு நாளிக்கு ஒரு நோட்டு, எட்டு நாளு வா"ன்னான். கடேசி தேதி மறுநாளு. சரின்னு நகலு எடுக்காமலே எட்டு நோட்டையும் அப்பிடியே கொண்டு போயி குடுத்துட்டு வந்தேன். அங்கதான் நானு வுழுந்தேன்.

ரெண்டு மாசம் கழிச்சி ஜெரி கடுதாசி கொண்டாந்தான். பகலவனுக்கு மொத பரிசு! கேடயம், பொன்னாட, 'விண்வெளி வித்தகர்'னு பட்டம். எனக்கு தல கால் பிரியல. கீழ சின்ன எழுத்துல ஒண்ணு போட்டிருந்தான். "எழுத்தாளர் அவர்கள் முப்பது நாட்களுக்குள் நேரில் தோன்றி ஒப்பமிட வேண்டும். தவறின் பரிசு ரத்தாகும். கையெழுத்துப் படிகள் கூழாக்கப்படும்."

சுப்பராயன் படிச்சிட்டு, "கூழாக்குறதுன்னா இன்னாமே? ஆடி மாசமா?"ன்னாரு.

"பழைய பேப்பர்காரனுக்கு போட்டு அரைக்கறதுயா! ஒரு வருசம் குடத்து மேல குந்தி எழுதனது!"

பரிசு கெடக்குது. கேடயத்த வெச்சி இன்னா பண்றது, சட்டினி அரைக்கவா? என் எட்டு நோட்டு எனக்கு வோணும். நல்ல பொடவ கட்டிகினு கெளம்பினேன்.

மாடி ஏறி போனா, உள்ள பதினோரு பேரு வட்டமா குந்தி கண்ண மூடிகினு எண்ணிகினு கீறாங்க. "ஏழு, ஆறு, ஐந்து..." நான் உள்ள கால் வெச்சதும் செயலாளரு வரதன்னு ஒருத்தரு கைய காட்டி நிறுத்திட்டு, "இடையூறு நேர்ந்துவிட்டது. மீண்டும் பத்திலிருந்து"ன்னாரு. அது இன்னான்னா, ராக்கெட்டு வுடறதுக்கு முன்னாடி எண்ணுவாங்கல்ல, அத்த மாதிரி இவங்க எந்த கூட்டமா இருந்தாலும் பத்துலேர்ந்து எண்ணி சுழின்னு முடிச்சி கை தட்டிட்டுதான் வாயத் தொறப்பாங்களாம். கீழ குடோன்ல யாராவது தகரத்த போட்டா மறுபடியும் பத்து. அன்னிக்கி நாலு தபா எண்ணுனாங்க. நானு நின்னுகினே கீறேன்.

சுழி வந்தப்புறம் சொன்னேன், "அய்யா, நான்தான் பகலவன். நோட்டு வாங்க வந்தேன்."

வரதன் எனக்கு பின்னால எட்டிப் பாத்தாரு. "அவர் கீழே நிற்கிறாரா?"

"யாரு?"

"பகலவன்."

"நான்தாங்க அது."

வரதன் ஒரு பாரத்த எடுத்தாரு. "எழுத்தாளரின் மனைவி பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. எழுத்தாளரின் கணவர் பெயர் என்று கட்டமே கிடையாது. நீங்கள் எழுத்தாளராக இருந்தால் நான் இதை எப்படி நிரப்புவேன்?"

"கட்டத்த அடிச்சிட்டு எழுதுங்க."

"பாரம் பொதுக்குழுவில் ஒப்புதல் பெற்றது அம்மா."

அப்பதான் தலைவரு பேசனாரு. ரிட்டேர்டு பேராசிரியரு. தோள்ல துண்டு, துண்டுல ராக்கெட்டு படம். "அம்மையே, கணவரின் புகழில் பங்கு கேட்பது மனைவியரின் இயல்பு. நான் அதைக் குற்றம் என்று கூற மாட்டேன். ஆனால் இந்த நாவலை நான் மூன்று முறை வாசித்தவன். மூன்றாம் நோட்டில் ஒரு போர்க்களக் காட்சி வருகிறதே! முற்றுகை என்ன, பக்கவாட்டுத் தாக்குதல் என்ன, எதிரி வானில் இருக்கும்போதே அவன் நிலத்தைக் கைப்பற்றும் வியூகம் என்ன! ராணுவத்தில் பணியாற்றிய ஆண்மகன் அன்றி எவரால் இதை எழுத முடியும்?"

"அது தண்ணி லாரி க்யூங்க."

"பார்த்தீர்களா," தலைவரு மத்தவங்கள பாத்து சிரிச்சாரு. "போர்க்களத்தைப் படித்தாலும் இவர்களுக்குக் குழாயடிதான் கண்ணுக்குத் தெரிகிறது."

பத்து பேரும் சிரிச்சாங்க. ஒருத்தரு தூங்கிகினு இருந்தாரு.

வரதன் நல்ல மனுசன் மாதிரி என்கிட்ட குனிஞ்சி, "பெண்களையும் பேரவை மதிக்கிறது. விண்வெளிக் கோலப் போட்டி வைத்திருக்கிறோம். சனிக்கிரகம் பதினைந்து புள்ளி"ன்னு ஒரு நோட்டீசு குடுத்தாரு. அத்த வாங்கிகினு வூட்டுக்கு வந்தேன். முப்பது நாளுல பத்தொம்போது நாளு போயிடிச்சி.

அன்னிக்கி சாயங்காலம் சுப்பராயனோட தோஸ்து அத்தாவுல்லா டீ குடிக்க வந்திருந்தாரு. ஹார்பர்ல சரக்கு தூக்குற வின்ச்சு மிஷினு ஓட்டறவரு. ஆறடி ஒசரம், மீச ரெண்டு பக்கமும் முறுக்கி வுட்டிருப்பாரு. நான் கதைய சொல்லி முடிச்சதும் சுப்பராயன் தொடைல தட்னாரு.

"இதுக்கு போயி பேஜாரா? பதிலி அனுப்பு!"

ஹார்பர்ல அது பழக்கம். ரெஜிஸ்டர் ஆன ஆளு வரலைன்னா அவரு டோக்கன எடுத்துகினு இன்னொருத்தரு வேலைக்கு போவாரு. அவருக்கு பேரு பதிலி. மஸ்டர்ல, அதான் ஆளு கணக்கு ரிஜிஸ்டர்ல, பேரு கூப்புடுவாங்க, டோக்கன் வெச்சிருக்கறவரு "ஆஜர்"னுவாரு. அந்த ஷிப்டு முடியற வரிக்கும் அவருதான் அந்த ஆளு. பகலவன் ஆம்பள, அவரு வரல, அப்ப ஒரு ஆம்பள பதிலி போனா செல்லும். எங்களுக்கு அது ஞாயமாத்தான் பட்டுது.

"நீயே போயேன்யா"ன்னேன் சுப்பராயன.

"எனக்கு பொய் சொன்னா விக்கல் வரும், தெரியாதா உனக்கு? கல்யாணத்துல உன் அழகப் பத்தி கேட்டப்ப கூட..."

"கம்னு கெட."

அத்தாவுல்லா மீசைய தடவிகினே, "அண்ணி, நானு போறேன். ஆனா எனக்கு படிப்பு வாசன கெடயாது. ஏதாவது கேட்டா?"

"இன்னா கேட்டாலும் ஒரே பதிலு. 'அது நோட்டுலயே கீது'. வேற வாயத் தொறக்காத."

மறுநாளு அவர இட்டுகினு போனேன். நான் வாசல் பெஞ்சில குந்திகினேன். அத்தாவுல்லா உள்ள நொழஞ்சதும் பதினோரு பேரும் எழுந்து நின்னாங்க. தூங்கறவரு கூட நின்னுகினு தூங்குனாரு. எண்ணி முடிச்சி, பொன்னாட போத்தி, தலைவரு கேட்டாரு. "பகலவன் அவர்களே! பேரண்டம் விரிகிறதா, சுருங்குகிறதா?"

"அது நோட்டுலயே கீது."

தலைவரு கண்ண மூடிகினாரு. "ஆகா! என்ன செறிவு! தன் படைப்புக்கு வெளியே தான் இல்லை என்கிறார்!"

"எதிர்காலத்தில் மனிதன் சாகாமல் இருப்பானா?"

"அது நோட்டுலயே கீது."

வரதன் எழுதிகினே அழுதாரு. "என்ன தன்னடக்கம்!"

"உங்கள் மொழியில் வடசென்னை வாடை வீசுகிறதே, அது உத்தியா?"

அத்தாவுல்லாவுக்கே இப்ப கிக்கு ஏறிடிச்சி. மீசைய முறுக்கிகினு, மெதுவா, எடம் வுட்டு எடம் வுட்டு சொன்னாரு. "அது... நோட்டுலயே... கீது."

கை தட்டி கீழ குடோன் தகரம் ஆடிப்போச்சி. எல்லாம் நல்லாத்தான் போயிகினு இருந்திச்சி. நோட்டு எட்டும் மேசை மேல என் கண்ணு முன்னாடி கீது. ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. வரதன் பதிவேட்ட தொறந்து பேனாவ குடுத்தாரு. அத்தாவுல்லா குனிஞ்சி நிதானமா போட்டாரு.

வரதன் சத்தமா படிச்சாரு. "பகலவன். பதிலி அத்தாவுல்லா."

முப்பது வருசப் பழக்கம்பா. பதிலியா போனா மஸ்டர்ல அப்பிடித்தான் போடுவாங்க. மேல ஆளு பேரு, கீழ பதிலின்னு எழுதி தன் பேரு. இல்லாங்காட்டி ஹார்பர்ல அது திருட்டு. அவரு ஒழுங்கான மனுசன், ஒழுங்கா போட்டுட்டாரு.

தலைவரு எழுந்துட்டாரு. "பதிலி என்றால்? தாங்கள் பகலவன் இல்லையா? பகலவன் ஏன் வரவில்லை? அவருக்கு என்ன ஆயிற்று?"

அத்தாவுல்லா என்ன திரும்பி பாத்தாரு. நானு வேற எதும் சொல்லிக் குடுக்கல. பாவம், தெரிஞ்சத சொன்னாரு.

"அது நோட்டுலயே கீது."

வரதன் பாய்ஞ்சி எட்டாவது நோட்ட எடுத்து கடேசி பக்கத்த தேடுனாரு. அங்க என் கேப்டன் பேசற வசனம் கீது. வரதன் எழுந்து நின்னு படிச்சாரு. "என்னத் தேடாதீங்க. நான் இனிமே வர மாட்டேன். என் பேர மஸ்டர்லேர்ந்து எடுத்துடுங்க."

தலைவரு துண்ட எடுத்து கண்ண தொடச்சிகினாரு. ராக்கெட்டு நனஞ்சி போச்சி. "போய்விட்டார். தன் மரணத்தையே நாவலின் முடிவாக்கிவிட்டுப் போய்விட்டார்!"

"அய்யா," நானு பெஞ்சிலேர்ந்து எழுந்தேன். "பின்பக்கம் இன்னும் கீது. திருப்பிப் பாருங்க. அந்த கேப்டன் வேலய வுட்டுட்டு நெலாவுலயே டீக்கடை போடறான்..."

"அழாதீர்கள் அம்மா," வரதன் சொன்னாரு.

நான் எங்க அழுதேன்? அந்த பக்கத்த திருப்ப ஒரு வெரலு போதும். பதினோரு பேரு, நூத்தி பத்து வெரலு. எவனும் திருப்பல. மூணு தபா படிச்சவரு கூட திருப்பல.

அங்கியே தீர்மானம் போட்டாங்க. பகலவன் அமரர் ஆயிட்டாரு. ஒரு நிமிச மௌனம். அதயும் அறுபதுலேர்ந்து எண்ணுனாங்க, சத்தமா. நானு வரதன் கிட்ட போயி மெதுவா கேட்டேன்.

"எழுதனவரு செத்துட்டா நோட்டு யாருக்குங்க? அரைச்சிடுவீங்களா?"

வரதன் விதிப் புத்தகத்த பொரட்டுனாரு. "விதி பதினான்கு. எழுத்தாளர் மறைந்தால், கையெழுத்துப் படிகள் நினைவேந்தல் கூட்டத்தில் அவர்தம் மனைவியிடம் ஒப்படைக்கப்படும்."

எழுதனவன்னு கேட்டா இல்ல. விதவைன்னு கேட்டா உண்டு. அப்பதான் எனக்கு அழுக வந்திச்சி. "அய்யோ என் ராசா"ன்னு அங்கியே குந்திட்டேன். அத்தாவுல்லாவும் கூட சேந்து அழுதாரு. அவரு நெசமாவே பகலவன் செத்துட்டாருன்னு நம்பிட்டாருன்னு நெனைக்கிறேன்.

ரெண்டு நாளு கழிச்சி வரதன் மாலையோட வூட்டுக்கே வந்துட்டாரு. துக்கம் விசாரிக்க. சுப்பராயன் வாசல்ல லுங்கியோட வேர்க்கடல தின்னுகினு கீறாரு.

"தாங்கள்?"

சுப்பராயன் என்ன பாத்தாரு, மாலைய பாத்தாரு. "நானு... வாடகைக்கு கீறேங்க." விக்கல் வந்துடிச்சி.

"துயரம் தொண்டையை அடைக்கிறது," வரதன் அவரு தோள தட்டிக் குடுத்தாரு. "பகலவன் அவர்களின் புகைப்படம் ஒன்று வேண்டும். திருவுருவப் படம் வரைய."

"போட்டோ இல்லீங்க"ன்னேன்.

"அங்க அடையாளமாவது?"

நானு வாயத் தொறக்கறதுக்குள்ள சுப்பராயன் முந்திகினாரு. "நல்ல கலரு. ஒசரம். சுருட்ட முடி, அடர்த்தியா. பொண்ணுங்கல்லாம் திரும்பிப் பாக்கும்."

சொட்டத் தலைய தடவிகினே சொன்னாரு. விக்கலு சாயங்காலம் வரிக்கும் நிக்கல.

வரதன் போறப்ப இன்னொண்ணு கேட்டாரு, சமாதி எங்க, மூலக்கொத்தளம் சுடுகாடான்னு. பதினோரு பேரும் வேன் வெச்சிகினு மலர் வளையத்தோட வருவாங்களாம். எவன் சமாதிய காட்டறது? அஸ்திய காசிமேட்டுல கடல்ல கரைச்சிட்டோம்னு சொல்லிட்டேன். சரின்னு காசிமேட்டுக்கு போயி கடலுக்கு மலர் வளையம் வெச்சாங்க. அல அத்த ரெண்டு தபா திருப்பி கொண்டாந்து கர மேல போட்டுதாம். "வேண்டாம் என்கிறார், எளிமையானவர்"னு தலைவரு சொன்னாராம்.

நினைவேந்தல் திருவொத்தியூர்ல ஒரு கல்யாண மண்டபத்துல, ஞாயித்துக்கெழம காலைல. பதினொரு மணிக்கு மேல அதே மேடைல யாருக்கோ வளகாப்பு. அத்தொட்டு மேடைல ஒரு பக்கம் தட்டு தட்டா வளையலு, பலகாரம். இன்னொரு பக்கம் பகலவன் படம். சுருட்ட முடி, விமானப்படை தொப்பி, கைல தொலைநோக்கி. நெசமா சொல்றேன், ஆளு ஷோக்கா இருந்தாரு. நானே கட்டிகினு இருப்பேன்.

ஒருத்தரு பேசனாரு, "நானும் பகலவனும் எண்ணூர்க் கடற்கரையில் எத்தனை இரவுகள் நட்சத்திரங்களைப் பார்த்துக் கிடந்திருப்போம்! 'நிலவைப் பற்றி எழுதட்டுமா' என்று என்னைத்தான் கேட்டார். 'எழுது தம்பி' என்றேன்." இன்னொருத்தரு, பகலவன் தன்கிட்ட பேனா வாங்கித்தான் எழுதனாருன்னாரு. தூங்கறவர எழுப்பி வுட்டாங்க. அவரு மைக்க புடிச்சி, "மணமக்கள் பல்லாண்டு வாழ்க"ன்னுட்டு குந்திட்டாரு.

கடேசில தலைவரு. "அறிவியல் என்பது ஆண்மையின் தனிமை. ஆனால் அந்தத் தனிமைக்குத் தேநீர் போட்டுக் கொடுக்க ஒரு கை வேண்டும். இதோ அந்தக் கை! இந்த அம்மையார் நாவலில் ஒரு வரி கூடப் படித்திருக்க மாட்டார். படித்தாலும் விளங்கியிருக்காது. எனக்கே விளங்கவில்லை! ஆயினும் தன் கணவரின் நோட்டுகள் கூழாகிவிடக் கூடாது என்று படியேறி வந்து, 'நானே பகலவன்' என்று சொன்னாரே, அந்தப் பேதைமையில் இருந்த அன்பை நான் வணங்குகிறேன். அம்மையார் இரண்டு வார்த்தை பேசுவார்."

மைக்க குடுத்தாங்க. நானு ரெண்டே வார்த்ததான் பேசனேன்.

"நோட்ட குடுங்க."

மண்டபமே எழுந்து கை தட்டிச்சி. தலைவரு எட்டு நோட்டையும் பட்டுத் துணில சுத்தி குடுத்தாரு. அங்கியே பிரிச்சி எண்ணுனேன். எட்டு இருந்திச்சி. ஒவ்வொரு பக்கத்துலயும் ரவுண்டு சீலு குத்தி வெச்சிருந்தாங்க, 'அமரர்'னு. முன்வரிசைல சுப்பராயன் குலுங்கி குலுங்கி அழுதுகினு கீறாரு.

"யோவ், நீ இன்னாத்துக்கு அழுவுற?"

"நல்ல மனுசன்மே அவரு," மூக்க சிந்தினாரு. "இவ்ளோ பேரு சொல்றாங்கல்ல?"

வெளிய வர்றப்ப வளகாப்பு வூட்டுக்காரங்க எனக்கும் ஒரு டஜன் வளையலு போட்டு வுட்டாங்க. விதவைக்கு வளையலு போட்டுட்டாங்கன்னு வரதன் ரொம்ப சங்கடப்பட்டாரு.

அப்பால நானு சும்மா இருக்கல. ராயபுரத்துலயே ஒரு சின்ன பிரஸ்ஸுல குடுத்து நாவல அச்சடிச்சேன். அட்டைல 'நெலா ஹார்பர்', கீழ ரமாபாய். கேண்டீன்ல டீ கூட ஒண்ணு, தண்ணி லாரி க்யூவுல ஒண்ணுன்னு கைக்கு கை போச்சி. க்யூவுல ஒருத்தி படிச்சிட்டு என் குடத்த எட்டி ஒதச்சா. "க்யூ சண்டைல தள்ளிவுட்டாளே ஒருத்தி, அது நான்தானே?" அவளுக்கு பிரிஞ்சிடிச்சி பாருங்க.

ஆறு மாசம் கழிச்சி பேரவைலேர்ந்து நோட்டீசு. "அமரர் பகலவனின் படைப்பைத் தங்கள் பெயரில் வெளியிட்டது இலக்கியத் திருட்டு. மறைந்தவரின் எழுத்துப்பூர்வ அனுமதியைப் பதினைந்து நாட்களுக்குள் தாக்கல் செய்யத் தவறினால், நூல்கள் யாவும் பறிமுதல் செய்யப்பட்டுக் கூழாக்கப்படும்."

மறுபடியும் கூழு! இவங்களுக்கு அதத் தவிர ஒண்ணியும் தெரியாது போல.

சுப்பராயன், "செத்தவன் எப்பிடிமே அனுமதி குடுப்பான்?"ன்னாரு.

"உசுரோட கீறவ குடுத்தா எடுத்துக்க மாட்டாங்கயா. செத்தவன் குடுத்தா எடுத்துப்பாங்க. பாரேன்."

ஒரு பேப்பர எடுத்தேன். "நெலா ஹார்பர் நாவல ரமாபாய் தன் பேருலயே போட்டுக்கலாம். எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்ல. இப்படிக்கு, பகலவன்." தேதி போட்டேன். அன்னிக்கி தேதி. நானு பொய் சொல்றவ இல்ல.

பேரவைல அத்த எடுத்துகினு கையெழுத்து நிபுணரு கஸ்பார்ன்றவர கூப்ட்டாங்களாம். அவரு ரெண்டு நாளு பூதக்கண்ணாடி வெச்சி என் நோட்டு ஜெராக்ஸயும் கடுதாசியயும் பாத்தாரு. (பாருங்க, எனக்கு கெடைக்காத ஜெராக்ஸு அவங்களுக்கு கெடச்சிருக்குது.) மூணாவது நாளு கூட்டம், என்னயும் வரச் சொன்னாங்க. பத்துலேர்ந்து எண்ணி முடிச்சி கஸ்பாரு எழுந்தாரு.

"முப்பத்தேழு இடங்களில் ஆய்வு செய்தேன். 'க'வின் வளைவு, 'ற'வின் வால், எல்லாம் நூற்றுக்கு நூறு பொருந்துகின்றன. இது பகலவன் தம் கைப்பட எழுதியதே. ஐயமில்லை."

வரதன் மட்டும் பேப்பர திருப்பி திருப்பி பாத்துட்டு தயங்குனாரு. "தலைவரே, தேதி... போன வாரம் என்று இருக்கிறது. அவர் காலமாகி ஒன்பது மாதம் ஆகிறதே?"

அவ்ளோதான், புக்கு கூழுதான்னு நெனச்சேன். தலைவரு அந்த பேப்பர வாங்கி, ரொம்ப நேரம் பாத்தாரு. அப்பால சிரிச்சாரு, சின்னப் புள்ளைங்கள பாத்து சிரிக்கற மாதிரி.

"வரதன், நீங்கள் அறிவியல் புதினப் பேரவையில்தானே செயலாளர்? காலப் பயணம் என்று ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லையா?"

கை தட்டுனாங்க. தீர்மானம் போட்டாங்க. அனுமதி செல்லும்.

ரெண்டு வாரம் கழிச்சி காலைல ஜெரி சைக்கிள்ல வந்தான். ரிஜிஸ்டர் தபால், ஒப்புகை சீட்டோட. பேரவை பகலவனுக்கு அனுப்பியிருக்குது. கவருல 'அமரர் பகலவன் அவர்கள்'னு போட்டு, கீழ செவப்பு மையில 'முகவரிதாரரிடம் நேரில் மட்டும்'னு எழுதி கீது. உள்ள இன்னா? நானு பிரிச்சி பாத்தேன். தங்கள் அனுமதி ஏற்கப்பட்டது, அடுத்த பொதுக்குழுவுக்கு நேரில் வருகை தந்து உறுதி செய்யவும்.

ஆனா பிரிக்கறதுக்கு முன்னாடி கையெழுத்து போடணும்ல. ஜெரி சீட்ட நீட்டுனான்.

"பகலவனுக்கு வந்திருக்குதுக்கா. நேர்லதான் குடுக்கணுமாம்."

"ஆஜர்"னேன்.

பேனாவ வாங்குனேன். அப்பால அத்தாவுல்லா மாதிரியே நிதானமா, ஒழுங்கா போட்டேன். மேல ஆளு பேரு: ரமாபாய். கீழ, பதிலி பகலவன்.

ஜெரி குனிஞ்சி பாத்தான். "இன்னாக்கா ரெண்டு பேரு எழுதிக்கீறே?"

"இத்தினி வருசம் அவன் என் பதிலிடா. ஆளு இப்ப வேலைக்கு வந்துடிச்சி. அவன வூட்டுக்கு அனுப்பிட்டேன்."

ஜெரி மண்டைய சொறிஞ்சான். சைக்கிள் ஸ்டாண்ட எட்டி ஒதச்சான்.

"சரிக்கா. தேதிய போடு."